நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

பட்டறையில் எனக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ஓட்டை சார். பெரிய பெரிய குழாய்கள் செய்யும் கம்பெனி. வெல்டிங் வைத்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமை என் மேஜைக்கு அனுப்புவார்கள். அதை விளக்குப் பெட்டியில் வைத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, இரும்பும் இரும்பும் ஒட்டாமல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு குழாயும் வாசலைத் தாண்டாது. "அந்த ஆள் கண்ணாடி பார்த்தா அவர் மூஞ்சியையே ரிஜெக்ட் பண்ணுவார்" என்று ஒரு வெல்டர் கேன்டீனில் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கோபம் வரவில்லை, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் கடைசியில் என் மனைவியின் காலை வாரியது.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். பதினாலு வருஷம், ஒரே வழித்தடம், இருபத்தேழாம் நம்பர். வீட்டில் என்னை அதட்டுவதற்கும் பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை அதட்டுவதற்கும் ஒரே குரல்தான் வைத்திருந்தாள். ரெண்டு வருஷமாக இடுப்பு வலி. மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வலியைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானம், சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது, கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடது கால் கிளட்சின் மேலேயே இல்லை. வண்டி குலுங்கி நின்றது. கீழே பார்த்தாள். கால் பெடலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. அது வழுக்கி இறங்கியது அவளுக்குத் தெரியவேயில்லை.

அவள் செய்ததைக் கண்டக்டர் பிறகு வீட்டுக்கு வந்து சொன்னார். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எழுந்து நின்று, நாற்பது பேரையும் பார்த்து, "என் கால் என் பேச்சைக் கேக்கலை. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன். அடுத்த வண்டியில போயிக்கங்க" என்றாளாம். ஒருத்தர் நேரமாகிறது என்று சண்டைக்கு வந்தாராம். "உயிரோட லேட்டாப் போங்க" என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போன் போட்டாளாம்.

ஸ்கேனில், முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நாலாவது எலும்பும் அஞ்சாவது எலும்பும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, நடுவில் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. முதுகெலும்பு சர்ஜன் நிதானமான மனிதர், ஒரு வார்த்தையை ரெண்டு தரம் சொல்கிறவர். ரெண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கிற நசுங்கிய வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கூண்டு வைத்து, அதற்குள் எலும்புத் தூள் நிரப்பி, மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பியால் பிணைப்போம் என்றார். "ஸ்க்ரூவும் கம்பியும் சும்மா பிடிச்சுக்கத்தான். ரெண்டு எலும்பும் வளர்ந்து ஒண்ணாகணும். அதுதான் உண்மையான வேலை. மாசக்கணக்காகும். மாசக்கணக்காகும்" என்றார்.

டிப்போவில் கெடு கொடுத்தார்கள். ஆபரேஷன் நாளிலிருந்து ஆறு மாசம். அதற்குள் உடல்தகுதிச் சோதனையில் தேறினால் ஸ்டியரிங். தேறாவிட்டால் நிரந்தரமாக பஸ் பாஸ் கொடுக்கும் கவுன்ட்டர். "கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து சீல் குத்தறதுக்கா நான் லைசென்ஸ் எடுத்தேன்" என்று அவள் ஒரு வாரம் முணுமுணுத்தாள். அவளுக்கு வேறு பயம் எதுவும் இல்லை. கத்தி வைப்பது, ரத்தம், மயக்க மருந்து எதற்கும் முகம் மாறவில்லை. அந்தக் கவுன்ட்டர்தான் அவளுடைய பூச்சாண்டி.

ஆபரேஷனுக்கு முந்தைய ரெண்டு வாரமும் நான் வீட்டை ஒரு வழி பண்ணினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு டேப்பால் அளந்தேன். கட்டிலுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினேன். கழிப்பறைப் பீடத்தின் மேல் உயர்த்தும் வளையம். தரை விரிப்புகள் எல்லாம் சுருட்டிப் பரணுக்கு. அவள் கைக்கு வேண்டிய சாமான் எதுவும் இடுப்புக்குக் கீழே இருக்கக் கூடாது, தோளுக்கு மேலே இருக்கக் கூடாது. சமையல் மேடையில் பாத்திரங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு, "வீடா, ஸ்டோர் ரூமா?" என்று கேட்டாள். படுக்கையிலிருந்து எழும் முறையையும் முன்னாலேயே பழகச் சொல்லியிருந்தார்கள். இடுப்பை முறுக்காமல், தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுவது போலப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அவள் உருளும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துப் பாதியில் முறுக்கிக்கொள்வாள். "இது ரிஜெக்ட்" என்பேன் நான். திரும்பவும் முதலிலிருந்து உருளுவாள்.

ஆபரேஷனுக்கு அஞ்சு மணி நேரம் ஆனது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுடைய தம்பி, என் மச்சினன், ரெண்டு தரம் காபி வாங்கிவந்தான். ரெண்டும் ஆறிப்போயின. ஒப்புதல் தாளில் இருந்த ஒவ்வொரு ஆபத்தும் வரிசையாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கொண்டுவந்து படுக்கையில் போட்டதும் நான் முதலில் கால்மாட்டுக்குத்தான் போனேன். போர்வையை விலக்கி இடது காலின் கட்டைவிரலைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே, வறண்ட வாயோடு, "கட்டைவிரல்" என்றாள். அடுத்ததைத் தொட்டேன். "பக்கத்து வீடு" என்றாள். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாளே ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து அவளை நிற்க வைத்தாள். சின்ன உருவம், பெரிய அதிகாரம். குனியாதே, தூக்காதே, இடுப்பை முறுக்காதே என்று மூன்று தடை. மற்றபடி நட. "நடைதான் மருந்து. படுத்தே கிடந்தாத்தான் வம்பு" என்று என்னைப் பார்த்தும் சொன்னாள். முதல் வாரம் அஞ்சு நிமிஷம், நாலு வேளை. ஆறாவது வாரத்தில் அரை மணி, ரெண்டு வேளை. அந்த அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, முடித்த நடைக்கெல்லாம் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவாள். நான் ரெண்டடி பின்னால் கண்கொத்திப் பாம்பாகத் தொடர்வேன். "ஓவர்டேக் பண்றதுன்னா பண்ணுங்க, இல்லன்னா தூரமா வாங்க" என்பாள்.

படுத்திருக்கும் நேரத்திலும் சும்மா இருக்க மாட்டாள். கால்மாட்டில் ஒரு தலையணையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு இடது காலால் மிதிப்பாள், விடுவாள். மிதிப்பாள், விடுவாள். கிளட்ச் பிராக்டிஸாம். ஒரு நாளைக்கு இருநூறு தரம்.

அஞ்சாவது வாரம் ஒரு காலையில் அவள் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. குனியாமல் சாமான் எடுக்க வாங்கிய பிடிக்கும் குச்சி பக்கத்திலேயே இருந்தது. பழக்க தோஷம், சட்டென்று குனிந்துவிட்டாள். பாதியில் ஞாபகம் வந்து நிமிர்ந்தாள். எனக்கு ஒரு 'டக்' கேட்டது. அவள் பெல்ட்டுதான் என்றாள், வலியில்லை என்றாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நடக்கப் போனாள்.

ஆறு வாரம் முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்தோம். சர்ஜன் மூணு வாரம் லீவில் இருந்தார். அவருக்குக் கீழே இருந்த இளம் டாக்டர் வராந்தாவிலேயே ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு, சார் வந்ததும் பாத்துப்பார்" என்று கொடுத்துவிட்டார். எண்ணி மூணு விநாடிகூட ஆகியிருக்காது. என் கீழே வேலை பார்க்கிறவன் அப்படி ஒரு ஃபிலிமைப் பார்த்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மறுநாள் அந்தக் கவரை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஃபிலிமை என் விளக்குப் பெட்டியில் வைத்தேன். திருகாணி நாலும் பளிச்சென்று தெரிந்தன. கம்பி ரெண்டும் நேராக இருந்தன. பிறகு லென்சை நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் கொண்டுபோனேன்.

அங்கே கறுப்பாக இருந்தது. மங்கலான கறுப்பு இல்லை, ஓரம் நேராக வெட்டினது போல ஒரு கறுப்புப் பட்டை. எங்கள் தொழிலில் உருண்டையான கறுப்பு என்றால் காற்றுக் குமிழி, சிலதை மன்னித்து விட்டுவிடலாம். ஓரம் நேராக உள்ள கறுப்புக்கு மன்னிப்பே கிடையாது. ரெண்டு இரும்பும் ஒட்டவேயில்லை என்று அர்த்தம். அந்தக் கறுப்புக்கு உள்ளேயே மூணு சின்ன வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. வெல்டிங் ஊசியின் நுனி உடைந்து உள்ளே விழுந்தால் ஃபிலிமில் அப்படித்தான் தெரியும். எதுவோ உடைந்திருக்கிறது, எலும்பு ஒட்டவில்லை, அன்றைக்குக் கேட்ட 'டக்' இதுதான் என்று நான் தீர்மானித்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். திருப்பி வைத்துப் பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் ரிஜெக்ட்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த மூணு விநாடி டாக்டரிடம் நான் என்ன கேட்பது என்ற திமிர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். அவர்களும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதை அவளிடம் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் கோடு போடுகிறவளிடம், தலையணையை இருநூறு தரம் மிதிக்கிறவளிடம், உனக்கு கவுன்ட்டர்தான் என்று எந்த வாயால் சொல்வது? சர்ஜன் வரும் வரைக்கும் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால் ஒருவேளை ஒட்டினாலும் ஒட்டும் என்று கணக்குப் போட்டேன். வெல்டு வைத்த குழாயை ஆறும் வரை யாரும் தொடக் கூடாது இல்லையா.

வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது என்றேன். சர்ஜன் வரும்வரை நடையை நிறுத்தச் சொல்கிறார்கள், கழிப்பறைக்கு மட்டும்தான் எழுந்திருக்கணுமாம் என்றேன்.

"யார் பேசினா?"

"அந்தப் பிசியோ பொண்ணுதான்."

"படுத்தே கிடந்தா வம்புன்னு அவதானே சொன்னா?"

"இப்ப இப்படிச் சொல்றா. நான் என்ன பண்ணட்டும்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று கட்டையாக உருண்டு படுத்துக்கொண்டாள். பொய் சொன்னதைவிட, அவள் அதை அப்படியே நம்பினதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆபீசுக்கு லீவு போட்டேன். அட்டவணையைப் பிய்த்து அலமாரிக்குள் வைத்தேன். சாப்பாடு படுக்கைக்கே. தலை வாரிவிட்டேன். எழுந்து உட்கார்ந்தால் ஓடினேன். நாலாவது நாள் அவள் தலையணையை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கறுப்புப் பட்டை அகலமாவது என் கண்ணுக்குத் தெரிந்தது. தலையணையை உருவிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்தேன்.

"இதுக்குமா போன் வந்துச்சு?" என்று கேட்டாள்.

பத்தாவது நாள் நிஜமாகவே போன் வந்தது. பிசியோ பெண். எப்படி நடக்கிறார்கள் என்று கேட்டாள். வாசலுக்குப் போய் நின்று, ரொம்ப நன்றாக நடக்கிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குள் என் மனைவி மாறிப்போயிருந்தாள். ஜோக் அடிப்பதை விட்டுவிட்டாள். கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பியிடம் போனில், "தெரியலடா, எதையோ எங்கிட்ட மறைக்கறாங்க, ஆஸ்பத்திரியில" என்று மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் என்றுதான் சொன்னாள். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பதினெட்டாவது நாள் காலை, காபியைக் கொடுக்கப் போனபோது, இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். போர்வையை விலக்கினேன். வலது காலைவிட அது ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. நரம்பு போய்விட்டது, நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் என் புத்தி போனது. மச்சினனுக்குப் போன் போட்டேன். கால் மணியில் கார் வந்தது. பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்து, அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவள் ஜன்னல் வழியாக அதன் பின்புறத்தைப் பார்த்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் காலில் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிக்கொண்டே அந்த டாக்டர் ஊசியைப் போட்டார். எத்தனை நாளாகப் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கேட்டார். பதினெட்டு என்றாள் என் மனைவி. யார் படுக்கச் சொன்னது என்று கேட்டார்.

"உங்க பிசியோதான் போன் பண்ணிச் சொன்னாங்களாம்."

பிசியோ பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. "நான் சொல்லவே இல்லையே. நான் போன் பண்ணப்ப நல்லா நடக்கறாங்கன்னு சார்தானே சொன்னார்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, "பேசுங்க" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிலிம், விளக்குப் பெட்டி, கறுப்புப் பட்டை, மூணு புள்ளி, 'டக்'. சொல்லச் சொல்ல நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சர்ஜன் அன்று காலைதான் லீவு முடிந்து வந்திருந்தார். ஃபிலிமைச் சுவரில் இருந்த விளக்கில் மாட்டி நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இந்தக் கறுப்புதானே? இது நான் வச்ச கூண்டு. ஒரு மாதிரி பிளாஸ்டிக். எக்ஸ்ரே இதுக்குள்ள பூந்து போயிடும், அதனால கறுப்பாத்தான் தெரியும். கூண்டு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியணும்ல, அதுக்கு வச்ச அடையாளம்தான் இந்த மூணு புள்ளி. எதுவும் உடையலை. எதுவும் உடையலை. ஆறு வாரத்துல எலும்பு இதுல தெரியாது. முதுகு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நடந்துகிட்டே இருந்திருந்தா கால் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்றார். அதை அவர் ஒரு தரம்தான் சொன்னார்.

மூணு மாசமாவது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. அதுவரை எந்தத் தகுதிச் சோதனைக்கும் அனுப்ப முடியாது. டிப்போ கொடுத்த கெடுவில் மீதி இருந்தது நாலு மாசம்கூட இல்லை. பதினெட்டு நாள் நடை போனது, கால் பலம் போனது, இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெடுவுக்குள் தேற முடியாது என்பது கணக்குப் பார்க்காமலே தெரிந்தது.

எல்லாரும் வெளியே போன பிறகு அவள் பேசினாள். கத்தவில்லை. பஸ்ஸில் பேசும் குரலும் இல்லை.

"பதினெட்டு நாளா என் முதுகு போச்சுன்னு நினைச்சுக்கிட்டே எனக்குத் தலை வாரிவிட்டீங்க."

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்கு என் கால் மரத்துப் போனப்ப நான் என்ன பண்ணேன்? நிறுத்திட்டுச் சொன்னேன். முன்னப்பின்ன தெரியாத நாப்பது பேருக்குச் சொன்னேங்க. அவங்க உயிரு, அவங்களுக்குத் தெரியணும்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க எங்கிட்டச் சொல்லாம ஓட்டிக்கிட்டே போயிட்டீங்க."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் விலக்கவில்லை, ஆனால் அந்தக் கை என் கைக்குள் சும்மா கிடந்தது. டிப்போவுக்கு நானே போக வேண்டும், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சர்ஜன் கொடுத்த சான்றிதழோடு டிப்போ மேனேஜருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருபத்தேழாம் நம்பர் மூணாவதாக நின்றது. மேனேஜர் சான்றிதழை ரெண்டு முறை படித்தார். முதுகு திருப்தியாக இருக்கிறது, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நீண்ட நாள் படுத்திருந்ததால் காலில் ரத்தக்கட்டு என்று அதில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. விதியைக் காட்டினார். ஆபரேஷன் சரியாகவில்லை என்றால் நிரந்தரமாக கவுன்ட்டர். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் படுத்திருந்தால் அது ஊழியரின் அலட்சியம், கெடுவை நீட்ட இடமில்லை. ரெண்டில் எதுவாக இருந்தாலும் அவள் கதை முடிந்தது.

"அவ அலட்சியமா இருக்கலை சார். டாக்டர் நிறுத்தச் சொன்னதா நான் அவகிட்டப் பொய் சொன்னேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முழுவதையும் கேட்டார். வாயால் சொன்னால் செல்லாது, எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். "ஆனா இது ஃபைல்ல இருக்கும். கிளார்க்கிலேர்ந்து மெக்கானிக் வரைக்கும் படிப்பான். யோசிச்சுக்கங்க" என்றார்.

அந்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ரெண்டு வரிதான் விட்டிருந்தார்கள். எனக்குப் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன். என் தொழில் இன்னது, அந்தத் தொழிலின் கண்ணோடு என் மனைவியின் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தவறாக முடிவு செய்தேன், யாரையும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி சொன்னதாக அவளிடம் பொய் சொல்லி நடையை நிறுத்தினேன், விசாரித்தவர்களிடமும் பொய் சொன்னேன், அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வேலையில் குறை எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்கு அன்று கையெழுத்துப் போட நேரமானது. மேனேஜர் படித்தார். சீல் குத்தி உள்ளே வைத்தார். நாலு மாசம் நீட்டிப்புக் கேட்டு அனுப்புகிறேன், கிடைக்கும் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்பதற்கு மேல் அவரிடம் நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவள் தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிசியோ பெண் வந்து போயிருந்தாள் போல, சுவரில் புதிய அட்டவணை. முதல் வாரம் அஞ்சு நிமிஷம், நாலு வேளை. ஒரு கோடு போட்டிருந்தது.

என்ன எழுதினேன் என்று கேட்டாள். ஒரு வரி விடாமல் சொன்னேன். விசாரித்தவர்களிடமும் என்ற இடம் வந்தபோது மட்டும் நிறுத்திவிட்டேன். அவள் காத்திருந்தாள். நான் திரும்ப அந்த வரியிலிருந்து ஆரம்பித்து முடித்தேன்.

அவள் போர்வைக்கு வெளியே இடது காலை நீட்டினாள். இன்னும் வீக்கம் வடியவில்லை.

"தலகாணியை எடுத்துக்கிட்டு வாங்க. பண்ணலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. நம்பிக்கை இல்லன்னா போய்க் கேட்டுட்டு வாங்க."

நான் கேட்கப் போகவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு கால்மாட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை முட்டுக்கொடுக்கச் சட்டம் இல்லை. அதனால் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பாதத்தை வைத்தாள். மெதுவாக மிதித்தாள், விட்டாள். மிதித்தாள், விட்டாள். தலையணை என் கையோடு பின்னால் நகர்ந்தது.

"கெட்டியாப் பிடிங்க" என்றாள். "கிளட்ச் இவ்வளவு லேசா இருக்காது."